முகவரி யாருக்குச் சொந்தம்? ஜியோசிட்டீஸ் முதல் லிங்க்ட்ரீ வரை

இன்ஸ்டாகிராமில் பாட்டுப் பாடுபவர், கேக் செய்து விற்பவர், கல்யாண போட்டோ எடுப்பவர் என்று யாருடைய பக்கத்துக்குப் போனாலும் ஒரு வாசகம் கண்ணில் படும். 'லிங்க் இன் பயோ'. விவரம் வேண்டுமென்றால் பெயருக்குக் கீழே இருக்கும் சுட்டியை அழுத்துங்கள் என்று அர்த்தம். அழுத்தினால் ஒரு பக்கம் திறக்கும். மேலே வட்டமாக ஒரு படம், கீழே வரிசையாகப் பொத்தான்கள். யூடியூபுக்கு ஒன்று, வாட்ஸ்அப்புக்கு ஒன்று, விலைப்பட்டியலுக்கு ஒன்று. பெரும்பாலும் அது அவருடைய சொந்தத் தளம் கிடையாது. லிங்க்ட்ரீ மாதிரி ஏதோ ஒரு நிறுவனம் கொடுத்த பக்கம்.

பார்ப்பதற்குப் புது ஐடியா போலத் தெரியும். ஆனால் இது முப்பது வருஷத்துக் கதை. இலவசமாக இடம் கொடுப்பது, கூட்டம் சேர்ப்பது, கூட்டத்தோடு சேர்த்து விற்பது, ஒருநாள் ஷட்டரை இறக்குவது... இணையத்தில் இது பலமுறை நடந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் நஷ்டப்பட்டவர்கள் இழந்தது பக்கத்தை மட்டுமல்ல, முகவரியையும்தான். பக்கத்தை ஒரு மத்தியானத்தில் மறுபடி செய்துவிடலாம், முகவரியை அப்படிச் செய்ய முடியாது. ஏன் என்று புரிய, கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் ஓரம்கட்டிவிட்டு இங்கிலாந்து கோர்ட்டுக்குப் போகவேண்டும்.

காமர்ஸ் படித்தவர்களுக்கு 'நற்பெயர்' என்ற பாடம் நினைவிருக்கும். ஆங்கிலத்தில் குட்வில். கண்ணுக்குத் தெரியாத சொத்து, ஆனால் பேலன்ஸ் ஷீட்டில் வரும். 1810-ல் ஒரு சரக்கு வண்டித் தொழில் பற்றிய வழக்கில் எல்டன் பிரபு என்ற நீதிபதி இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். பழைய வாடிக்கையாளர்கள் பழைய இடத்துக்கே திரும்ப வருவார்கள் என்ற வாய்ப்புதான் நற்பெயர், அதற்குமேல் ஒன்றுமில்லை என்பது அதன் சாரம். இன்றைக்கும் பாடப்புத்தகங்கள் இதை விடுவதில்லை.

அதைவிட ருசியான வழக்கு 1934-ல் வந்தது. கடையைக் காலி செய்யும் வாடகைதாரர், தன் உழைப்பால் அந்த இடத்துக்கு ஏறிய மதிப்புக்கு வீட்டுக்காரரிடம் இழப்பீடு கேட்கலாம் என்று 1927-ல் ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். அதன் கீழ் ஒரு மோட்டார் கம்பெனி தொடுத்த வழக்கு இது. தீர்ப்பில் ஸ்க்ரட்டன் என்ற நீதிபதி வாடிக்கையாளர்களை விலங்குகளாகப் பிரித்தார்! பூனை வளர்த்தவரை விட்டுவிடும், வீட்டை விடாது. நாய் வீட்டை விட்டுவிடும், வளர்த்தவர் பின்னாலேயே போகும். எலிக்கு இரண்டிலும் பற்று கிடையாது. மாம் என்ற இன்னொரு நீதிபதி, பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக மட்டும் வருகிறவர்களுக்கு முயல் என்று பெயர் வைத்தார். சரி, எதற்கு இந்த மிருகக்காட்சிசாலை என்கிறீர்களா? வாடகைக் கடையை விட்டுக் கிளம்பும்போது நாய்கள் கூடவே வரும். பூனைகள் வீட்டுக்காரருக்கே போய்ச் சேரும். கேள்வி எல்லாம் உங்கள் வாடிக்கையாளர்களில் பூனை எத்தனை என்பதுதான்.

இணையத்தில் பூனைகள் மிக அதிகம். ஏனென்றால் ஒரு சுட்டி என்பது ஆளைக் காட்டுவதில்லை, இடத்தைத்தான் காட்டுகிறது.

டிம் பெர்னர்ஸ் லீ 1991-ல் ஜெனீவா பக்கத்திலுள்ள செர்ன் ஆய்வகத்தில் முதல் வலைத்தளத்தை வைத்தபோது 'வாடகை' என்ற பேச்சே இல்லை. உங்கள் கம்ப்யூட்டரே சர்வர், அதில் இருப்பதே தளம். அடுத்து வந்த பல்கலைக்கழக மாணவர்களுக்குக் கல்லூரி சர்வரில் கொஞ்சம் இடம் கிடைத்தது. முகவரியில் கல்லூரியின் பெயர், ஒரு சாய்கோடு, பிறகு ஒரு நெளிகோடு, அதன்பின் மாணவர் பெயர். அந்த நெளிகோட்டுக்கு டில்டே என்று பெயர். யூனிக்ஸ் கம்ப்யூட்டர்களில் ஒருவருடைய சொந்த அறையைக் குறிக்கும் அடையாளம் அது. படிப்பு முடிந்ததும் ஹாஸ்டல் அறையோடு இந்த அறையும் போய்விடும் என்பது வேறு விஷயம்.

அப்படி ஒரு மாணவர்தான் ஜஸ்டின் ஹால். அமெரிக்காவின் ஸ்வார்த்மோர் கல்லூரி. 1994 ஜனவரியில், பத்தொன்பது வயதில், 'ஜஸ்டினின் முகப்புப் பக்கம்' என்று ஒன்றைத் தொடங்கினார். என்ன இருந்தது அதில்? தன்னைப்பற்றிக் கொஞ்சம், மிச்சம் முழுக்கத் தனக்குப் பிடித்த இடங்களுக்கான சுட்டிகள்! இன்றைய லிங்க்ட்ரீ பக்கத்துக்கும் இதற்கும் உள்ளடக்கத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. பிறகு அவர் தன் வாழ்க்கையையே அங்கே எழுதித் தள்ளினார், வலைப்பதிவுகளின் முன்னோடி என்று பேர் வாங்கினார். ஆனால் அவர் செய்த இன்னொரு காரியம்தான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். 'லிங்க்ஸ் டாட் நெட்' என்று ஒரு டொமைன் பெயரை எடுத்துப் பக்கத்தை அங்கே கொண்டுபோனார்.

டொமைன் பெயர் என்றால் என்ன என்று இங்கே சொல்லிவிடுவது நல்லது. ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு எண் உண்டு. ஆரம்பத்தில் எந்தப் பெயருக்கு எந்த எண் என்ற பட்டியல் ஒரே ஒரு கோப்பாக ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தது. எல்லோரும் அதை நகல் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். கம்ப்யூட்டர்கள் பெருகப் பெருக இது தாங்கவில்லை. 1983-ல் பால் மொகபெட்ரிஸ் என்பவர் இதற்கு மாற்றாக டி.என்.எஸ் என்ற முறையை வடிவமைத்தார். பெயர் வேறு, இடம் வேறு. பெயரின் சொந்தக்காரர் எப்போது வேண்டுமானாலும் "இனி என் பெயர் அந்த எண்ணைக் காட்டட்டும்" என்று மாற்றிக்கொள்ளலாம். சர்வரை மாற்றினாலும், கம்பெனியை மாற்றினாலும், நாட்டையே மாற்றினாலும் முகவரி அப்படியே இருக்கும். வருகிறவருக்கு ஒன்றும் தெரியாது.

இப்போது ஸ்க்ரட்டன் நீதிபதியை நினைத்துப் பாருங்கள். பூனை வீட்டை விடாது என்றார். டி.என்.எஸ் வீட்டையே தூக்கிக்கொண்டு போக வழி செய்துவிட்டது. பூனை உள்ளேயே தூங்கிக்கொண்டிருக்கும்!

அப்படியென்றால் எல்லோரும் ஏன் டொமைன் வாங்கவில்லை? காசுதான் காரணம். 1995 செப்டம்பர் வரை பதிவு இலவசம். அதன்பிறகு நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் நிறுவனம் இரண்டு வருஷத்துக்கு 100 டாலர் வாங்க ஆரம்பித்தது. அந்த வருஷ மதிப்பில் மூவாயிரம் ரூபாய்க்கு மேல். அதோடு ஹோஸ்டிங் வாடகை தனி. இந்தியாவில் பொதுமக்களுக்கு வி.எஸ்.என்.எல் இணைய இணைப்பு கொடுத்ததே 1995 ஆகஸ்ட் 15-ல்தான். இங்கே என்றில்லை, அமெரிக்க மாணவருக்கே அது பெரிய தொகை. அந்த இடைவெளியில்தான் ஜியோசிட்டீஸ் நுழைந்தது.

டேவிட் போனெட், ஜான் ரெஸ்னர் என்ற இருவர் 1994 கடைசியில் கலிபோர்னியாவில் 'பெவர்லி ஹில்ஸ் இன்டர்நெட்' என்று தொடங்கிய கம்பெனி அது. அடுத்த வருஷம் ஜியோசிட்டீஸ் என்று பெயர் மாறியது. அவர்கள் யோசனை அருமையானது. இலவச இடம் என்று வெறுமனே சொல்லாமல், ஊர் என்று சொன்னார்கள். சினிமாப் பிரியர்களுக்கு ஹாலிவுட், ராக் இசைக்கு சன்செட் ஸ்ட்ரிப், கம்ப்யூட்டர் பித்தர்களுக்கு சிலிக்கன் வேலி, இலக்கியமும் தத்துவமும் பேசுகிறவர்களுக்கு ஏதென்ஸ், குடும்பஸ்தர்களுக்கு ஹார்ட்லேண்ட். ஒவ்வொரு பேட்டையிலும் நான்கு இலக்கக் கதவு எண். நீங்கள் காலியான ஒரு எண்ணைப் பார்த்துக் குடியேறலாம். குடியேறியவர்களுக்கு 'ஹோம்ஸ்டெடர்' என்று பெயர். அமெரிக்காவில் 19-ம் நூற்றாண்டில் அரசு நிலத்தில் குடிசை போட்டு உழுதவர்களைக் குறித்த சொல். அவர்களுக்கு ஐந்து வருஷத்தில் பட்டா கிடைத்தது. ஜியோசிட்டீஸில் பட்டா கிடையாது. பெயரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்!

ஆனாலும் அந்த ஊர் உயிரோடு இருந்தது. மினுங்கும் நட்சத்திரம், 'வேலை நடக்கிறது' என்று மண் அள்ளும் படம், வந்தவர் எண்ணிக்கை காட்டும் மீட்டர், விருந்தினர் புத்தகம்... டிசைனர்கள் இன்றும் கிண்டல் செய்வார்கள். கிண்டல் செய்யட்டும். கம்ப்யூட்டர் படிக்காத லட்சக்கணக்கான பேர் அடுத்தவர் பக்கத்தின் எச்.டி.எம்.எல்-ஐத் திறந்துபார்த்து, நகல் எடுத்து, மாற்றி, தானே ஒரு பக்கம் கட்டினார்கள். லிங்க்ட்ரீ கொடுக்காத ஒன்று அது.

தமிழ்ப் பக்கங்களும் அந்தக் காலத்து இலவச இடங்களில் முளைத்தன. யூனிகோட் பரவாத நாட்கள். ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு ஃபாண்ட். "கீழேயுள்ள எழுத்துருவை இறக்கி நிறுவிக்கொள்ளவும்" என்று முதல் வரியே அறிவிப்பாக இருக்கும். அந்த ஃபாண்ட் இருக்கும் முகவரி செத்தால் எழுத்தும் கூடவே செத்த மாதிரிதான். பக்கத்தைச் சேமித்து வைத்தவருக்கும் வெறும் குறிகள்தான் மிஞ்சும்.

ஜியோசிட்டீஸின் கணக்குப் புத்தகம் மட்டும் கடைசிவரை லாபம் காட்டவில்லை. ஆனாலும் 1998 ஆகஸ்டில் பங்குச்சந்தைக்கு வந்ததும் விலை முதல் நாளே இருமடங்கைத் தாண்டியது. அதே மாதம், குடியேறியவர்களின் சொந்த விவரங்களைச் சொன்னதற்கு மாறாக வெளியாருக்குக் கொடுத்தார்கள் என்ற புகாரில் அமெரிக்க வர்த்தக ஆணையத்துடன் சமரசம் செய்துகொள்ள வேண்டியிருந்தது. 1999 ஜனவரியில் யாஹூ சுமார் 357 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளைக் கொடுத்து வாங்க ஒப்புக்கொண்டது. லாபமே பார்க்காத கம்பெனிக்கு 357 கோடி டாலர்! கட்டடமா, எந்திரமா, என்ன இருந்தது அங்கே? பூனைகள் இருந்தன. குடியேறியவர்கள் சும்மா கட்டிக்கொடுத்த பக்கங்களுக்குத் திரும்பத் திரும்ப வந்த கூட்டம். அந்த நற்பெயரை உருவாக்கியவர்களுக்கு அதில் ஒரு சென்ட் கூட வரவில்லை.

அதே வருஷம் ஜூனில் யாஹூ புதிய விதிமுறைகளைக் கொண்டுவந்தது. பக்கத்தில் நீங்கள் வைக்கும் எழுத்தையும் படத்தையும் காலவரையின்றி, ராயல்டி இல்லாமல் யாஹூ பயன்படுத்திக்கொள்ளலாம் என்று அதில் ஒரு வரி. ஊரே கொந்தளித்தது. பலர் தங்கள் பக்கத்தின் நிறங்களை அழித்துப் பேய் வீடு மாதிரி ஆக்கிவைத்து எதிர்ப்புக் காட்டினார்கள். சில நாட்களிலேயே யாஹூ இறங்கிவந்து அந்த வரியைத் திருத்தியது. குடியிருப்பவர்கள் ஜெயித்த அபூர்வமான சந்தர்ப்பம் அது. பேட்டைப் பெயர், கதவு எண் வழக்கத்தை யாஹூ புதியவர்களுக்கு நிறுத்திவிட்டது. ஊர் மெல்ல மெல்ல வெறிச்சோடியது.

2009 ஏப்ரலில் அறிவிப்பு வந்தது. அந்த வருஷம் அக்டோபர் 26-ல் மூடப்பட்டது. பக்கங்களை இறக்கிக்கொள்ளுங்கள், அல்லது காசு கட்டி எங்கள் ஹோஸ்டிங்குக்கு மாறுங்கள் என்றார்கள். இறக்கிக்கொண்டவர்களுக்கும் பாதிதான் தப்பியது. பத்து வருஷமாக மற்ற தளங்களில், மின்னஞ்சல்களில், புத்தகங்களின் அடிக்குறிப்புகளில் இருந்த முகவரி எல்லாம் அன்று இரவோடு வெட்டவெளியைக் காட்டின. ஜேசன் ஸ்காட் தலைமையில் ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர்கள் முடிந்தவரை அள்ளி, அடுத்த வருஷம் ஒரு டொரண்டாக வெளியிட்டார்கள். நூற்றுக்கணக்கான ஜிகாபைட். அவர்கள் இல்லையென்றால் அந்தப் பேட்டைகளில் பெரும்பகுதி சுவடில்லாமல் போயிருக்கும். ஜப்பானில் மட்டும் தனி நிர்வாகத்தில் ஜியோசிட்டீஸ் 2019 மார்ச் 31 வரை ஓடி, அதுவும் நின்றது.

அந்த 2019 மார்ச்சிலேயே மைஸ்பேஸ், 2015-க்குள் ஏற்றப்பட்ட பாட்டு, படங்களை எல்லாம் சர்வர் மாற்றும்போது தொலைத்துவிட்டதாகச் செய்தி வந்தது. ஒரு காலத்தில் இசைக்குழுக்கள் போஸ்டரில் அச்சடித்த முகவரியே மைஸ்பேஸ்தான்.

லிங்க்ட்ரீயும் இசைக்காரர்களிடமிருந்து வந்ததுதான். மெல்பர்னில் இசை நிகழ்ச்சிகளுக்கு விளம்பரம் செய்துகொண்டிருந்த அலெக்ஸ் ஸக்காரியா, ஆண்டனி ஸக்காரியா, நிக் ஹம்ப்ரீஸ் மூவரும் 2016-ல் தொடங்கினார்கள். இன்ஸ்டாகிராம் ஒரு ஆளுக்கு ஒரே சுட்டிதான் கொடுத்தது. இன்று டிக்கெட், நாளை புதுப் பாட்டு, நாளன்றைக்கு வீடியோ என்று அதைத் தினமும் மாற்றி அலுத்துப்போனவர்கள், எல்லாவற்றையும் அடுக்கிய ஒரு பக்கத்துக்கு அந்த ஒரே சுட்டியைத் திருப்பினார்கள். உண்மையான சிரமத்துக்கு உண்மையான தீர்வு, அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. போன் மட்டும் வைத்திருப்பவர் ஐந்து நிமிஷத்தில் பக்கம் செய்யலாம், யார் எதை அழுத்தினார்கள் என்ற கணக்கும் கிடைக்கும். 2022 மார்ச்சில் அந்தக் கம்பெனியின் மதிப்பு 130 கோடி டாலர் என்று முதலீட்டாளர்கள் போட்டார்கள். இன்ஸ்டாகிராமே 2023 ஏப்ரலில் ஐந்து சுட்டிகள்வரை அனுமதித்தது, ஆனாலும் வழக்கம் மாறவில்லை.

சிக்கல் எங்கே என்றால், இது உள்வாடகை. இன்ஸ்டாகிராம் ஒரு வாடகை வீடு. அந்த வீட்டு வாசலில் தொங்கும் பலகையும் இன்னொருவருடையது. 2022 டிசம்பர் 18 அன்று இதன் விளைவு ஒரே நாளில் தெரிந்தது. ட்விட்டர் போட்டித் தளங்களின் பெயரைச் சொல்லி, அவற்றுக்கு ஆள் அனுப்பும் சுட்டிகளுக்குத் தடை என்று அறிவித்தது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், மாஸ்டடான் பட்டியலில் லிங்க்ட்ரீயும் இருந்தது. கேக் விற்பவரின் விலைப்பட்டியலும் கவிஞரின் புத்தகப் பட்டியலும் ஒரே முகவரிக்குக் கீழே இருந்த குற்றத்துக்காகச் சேர்ந்து மாட்டின. எதிர்ப்பு வந்து ஒரு நாளுக்குள் தடையைத் திரும்பப் பெற்றார்கள். சொந்த டொமைனில் அதே பத்து சுட்டிகளை வைத்திருந்தவரின் முகவரி அந்தப் பட்டியலிலேயே இல்லை.

இன்னொன்று, கோஜி என்று ஒரு போட்டிச் சேவை இருந்தது. 2023 டிசம்பரில் லிங்க்ட்ரீ அதை வாங்கியது. 2024 ஜனவரி முடிவில் கோஜி மூடப்பட்டது. ஜியோசிட்டீஸ் சாக யாஹூ பத்து வருஷம் எடுத்துக்கொண்டது, இங்கே சில வாரங்களே போதுமாக இருந்தன.

சொந்த டொமைன் என்றால் நிம்மதி என்றும் சொல்லிவிட முடியாது. அதுவும் கிரயப் பத்திரம் அல்ல, வருஷக் குத்தகைதான். லிங்க்ட்ரீயின் முகவரியில் வரும் கடைசி இரண்டு எழுத்து எஸ்டோனியா நாட்டுக்கு உரியது, பலருக்கு இது தெரியாது. 2010-ல் லிபியாவின் இரண்டு எழுத்தில் சுருக்குச் சுட்டிச் சேவை நடத்திய ஒரு தளத்தின் பெயரை, தங்கள் சட்டத்துக்கு ஒவ்வாது என்று லிபியப் பதிவகம் பறித்துக்கொண்டது. அழகுக்காக எடுத்த எழுத்து எந்த அரசின் கையில் இருக்கிறது என்று பார்க்காததன் விலை அது.

புதுப்பிக்க மறந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழர்களுக்கு நெருக்கமான உதாரணம் ஒன்று உண்டு. 2012-ல் கூகுள், இந்தியாவிலிருந்து பார்ப்பவர்களுக்கு பிளாக்ஸ்பாட் டாட் காம் முகவரிகளை 'பிளாக்ஸ்பாட் டாட் இன்' என்று மாற்றிக் காட்டத் தொடங்கியது. தமிழில் எழுதிய ஆயிரக்கணக்கானவர்கள் அந்த முகவரியையே நகல் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினார்கள், கட்டுரைகளில் சுட்டி கொடுத்தார்கள். 2018-ல் கூகுள் இந்த வழக்கத்தை நிறுத்தியது. 2020-ல் அந்த டொமைன் கூகுளின் கையைவிட்டுப் போய் வேறொருவர் பெயரில் பதிவானது. டாட் காம் முகவரியில் பதிவுகள் பத்திரமாக இருந்தன. ஆனால் அத்தனை வருஷம் கொடுத்த டாட் இன் சுட்டிகள் எல்லாம் செல்லாக் காசு. உலகத்திலேயே பெரிய இணையக் கம்பெனிக்கே இந்தக் கதி என்றால் பாருங்கள்! வித்தியாசம் என்னவென்றால், உங்கள் டொமைன் தவறினால் பொறுப்பு உங்களுடையது, நாட்காட்டியில் ஒரு குறிப்பு போதும். கூகுள் தவறவிட்டபோது அந்தப் பதிவர்கள் செய்யக்கூடியது ஒன்றுமே இல்லை.

1995-ல் தடையாக இருந்த காசும் இப்போது அந்த அளவுக்கு இல்லை. 1999-ல் பதிவுத் தொழிலில் போட்டியை அனுமதித்த பிறகு விலை சரிந்தது. இன்று சாதாரண டொமைன் வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய் சுமாருக்குக் கிடைக்கிறது, ஒரேயடியாகப் பத்து வருஷம் வரையும் பதியலாம். பத்து சுட்டிகள் கொண்ட பக்கத்துக்கு இருபது முப்பது வரி எச்.டி.எம்.எல் போதும். கிட்ஹப் பேஜஸ் மாதிரி இடங்கள் அதை இலவசமாகவே தாங்கும். நாளைக்கு கிட்ஹப் மனம் மாறினாலும் கோப்பை வேறு சர்வரில் வைத்து டி.என்.எஸ்-ல் எண்ணை மாற்றினால் சரி. அதற்கும் நேரமில்லாதவர் டொமைனை மட்டும் வாங்கி, இப்போதைக்கு அதை லிங்க்ட்ரீ பக்கத்துக்கே திருப்பிவிடலாம். விசிட்டிங் கார்டில் அச்சாகும் முகவரி அப்போது அவருடையதாக இருக்கும். லிங்க்ட்ரீயை விடும் நாளில் கார்டை மறுபடி அச்சடிக்க வேண்டாம்.

ஸ்வார்த்மோர் மாணவராக இருந்த ஜஸ்டின் ஹால் 2015-ல் தன் இணைய வாழ்க்கையைப் பற்றித் தானே ஓர் ஆவணப்படம் எடுத்தார். இடையில் ஜியோசிட்டீஸ் வந்து போயிருந்தது, மைஸ்பேஸ் வந்து ஓய்ந்திருந்தது, இன்ஸ்டாகிராமுக்கு ஐந்து வயது ஆகியிருந்தது. படத்தின் தலைப்பிலேயே தன் பழைய முகவரியை வைத்திருந்தார்: லிங்க்ஸ் டாட் நெட்.